ஸ்பிளாஷ் பேட் பாதுகாப்பு: சம்ப் முதல் நாசில் வரை முழு வழிகாட்டி

ஸ்பிளாஷ் பேட் எனும் நீர் விளையாட்டுத் திடலில் கணுக்கால் அளவு தண்ணீர்கூட நிற்பதில்லை. தரையிலிருந்து பீறிடும், குழந்தைகளை நனைக்கும், வடிகாலில் ஓடிவிடும். மூழ்கும் பயம் இல்லை என்பதால் உயிர்காப்பாளர் வேண்டாம் என்று முடிவெடுப்பார்கள். அந்தச் சூட்டோடு தண்ணீரைக் கவனிக்கவும் ஆள் வேண்டாம் என்று ஆகிவிடும். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 1997 முதல் 2022 வரையிலான கணக்கைத் தொகுத்திருக்கிறது. ஸ்பிளாஷ் பேடால் வந்த நோய்ப் பரவல்கள் 60. நோயுற்றவர்கள் 10,611 பேர். மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 152 பேர். அந்த 60-ல் 40 பரவல்களில் சிக்கிய கிருமி ஒன்றுதான்: கிரிப்டோஸ்போரிடியம், சுருக்கமாக கிரிப்டோ.

நீச்சல் குளத்தைவிட இங்கே ஏன் மோசம்? அதே தண்ணீரைத் திரும்பத் திரும்ப ஓட்டும் மறுசுழற்சித் திடலில் தரைக்கடியில் ஒரு சம்ப், அதாவது நீர்த்தொட்டி, இருக்கும். அதில் 10,000 லிட்டர், தண்ணீரைப் பீய்ச்சும் நாசில்கள் எல்லாம் சேர்ந்து நிமிடத்துக்கு 400 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 நிமிடத்துக்கு ஒருமுறை மொத்தத் தண்ணீரும் குழந்தைகள் மேல் பட்டுத் திரும்புகிறது. காலடி மண், வியர்வை, சன்ஸ்கிரீன், டயப்பர் கசிவு எல்லாம் அதே தண்ணீரில். 4 லட்சம் லிட்டர் குளத்தில் கரைந்து காணாமல் போகும் அழுக்கு, இங்கே குளோரினை நேராகத் தின்கிறது. தண்ணீர் துளித்துளியாகச் சிதறுவதாலும் வெயிலாலும் குளோரின் போவது தனிக்கணக்கு. போதாததற்கு, பிள்ளைகள் நாசில் மேல் உட்காருவார்கள், வாயைத் திறந்து நீரைப் பிடிப்பார்கள்.

கீழே வரும் அளவுகளில் பெரும்பாலானவை சிடிசி 2014-ல் முதன்முதலாக வெளியிட்டுப் பிறகு புதுப்பித்துவரும் மாதிரி நீர்நிலைச் சுகாதார விதித்தொகுப்பையும் சிடிசியின் மற்ற அறிவுறுத்தல்களையும் ஒட்டியவை. விதித்தொகுப்பு சட்டம் ஆகாது; மாநிலமோ மாவட்டமோ ஏற்றுக்கொண்ட இடத்தில்தான் கட்டாயம். உங்கள் ஊர் விதி இதைவிடக் கடுமையாக இருந்தால் ஊர் விதியே செல்லும்.

படி 1: எந்த வகை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஒன்று, குடிநீர்க் குழாயிலிருந்து நேராக நாசிலுக்கு வந்து, ஒரே தடவையில் வடிகாலுக்குப் போகும் வகை. சம்ப், ஃபில்டர், ரசாயனத் தொல்லை எதுவும் கிடையாது. ஆனால் நிமிடத்துக்கு 400 லிட்டர் வீதம் 6 மணி நேரம் ஓடினால் நாளுக்கு 1,44,000 லிட்டர். சென்சாரோ அழுத்தும் பொத்தானோ வைத்து 3 நிமிடத்தில் தானாக நிற்கும்படி செய்தால் இது கணிசமாகக் குறையும். தண்ணீருக்குப் பஞ்சமில்லாத ஊரில், சின்னத் திடலுக்கு, எங்கள் ஓட்டு இதற்கே.

இதிலும் இரண்டு காரியம் கட்டாயம். முதலாவது, பின்னோட்டத் தடுப்பு: அழுத்தம் விழும்போது திடலின் அழுக்குத் தண்ணீர் ஊர்க் குடிநீர்க் குழாய்க்குள் உறிஞ்சப்படக் கூடாது. இரண்டாவது, தினமும் காலையில் குளோரின் சோதனை. டெக்சாஸின் ஆர்லிங்டன் நகரப் பூங்கா ஒன்றில் விளையாடிய சிறுவன் 2021 செப்டம்பரில் நெக்லேரியா ஃபௌலரியால் இறந்தான். கேரளச் செய்திகளில் ‘மூளையைத் தின்னும் அமீபா’ என்று அடிபடும் அதே அமீபா. சோதனைகள் ஒழுங்காக நடக்கவில்லை என்று நகராட்சியே ஒப்புக்கொண்டது. குளோரின் குறைவு என்று பதிவான நாட்களில் மருந்து சேர்த்த பிறகு மறுபடி அளந்ததற்கான பதிவும் இல்லை.

இரண்டாவது வகை மறுசுழற்சி. பெரிய திடல்கள் அநேகமாக இதுதான். இனி வருவதில் பெரும்பகுதி இதற்கானது.

படி 2: சம்பும் இரண்டு சுற்றுகளும்

வரைபடத்தில் முதலில் பார்க்க வேண்டியது பம்புகள். பெரும்பாலான திடல்களில் இரண்டு இருக்கும். ஒன்று சம்ப் தண்ணீரை ஃபில்டருக்கு அனுப்பி, குளோரின் சேர்த்து சம்புக்கே திருப்பும். இன்னொன்று சம்பிலிருந்து நேராக நாசிலுக்குத் தள்ளும். அதாவது குழந்தை மேல் படும் தண்ணீர் ஃபில்டரைத் தாண்டி வந்ததாகத்தான் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

ஃபில்டர் பம்ப் மொத்தத் தண்ணீரையும் 30 நிமிடத்துக்குள் ஒருமுறை சுற்ற வேண்டும். 10,000 லிட்டருக்கு நிமிடத்துக்கு 334 லிட்டர். அரை மணியில் முழுத் தண்ணீரும் சுத்தம் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். சுத்தமான நீர் அழுக்கு நீரோடு கலந்தபடியே இருப்பதால், ஒரு சுற்றில் உண்மையில் ஃபில்டரைக் கடப்பது சுமார் 63 சதவீதம்தான். ஃபில்டர் கிருமியை முழுக்கப் பிடித்தாலும் 99.9 சதவீதம் நீங்க ஏறக்குறைய 7 சுற்று, அதாவது மூன்றரை மணி நேரம். அதற்குள் நாசில் பம்ப் அதே தண்ணீரை எட்டு முறை பீய்ச்சியிருக்கும்.

சம்பைக் கட்டும்போது இவற்றைக் கேட்டு வாங்குங்கள்:

- ஆள் இறங்கித் தேய்க்கும் அளவு வாய், பூட்டுள்ள மூடி, மூலை முடுக்கில்லாத உட்சுவர், அடிவரை காலியாகும் வடிகால்.
- திடலிலிருந்து வரும் நீர் சம்பில் விழும் முன் இலை, மணல், தலைமுடி பிடிக்கும் சல்லடை.
- புதுத் தண்ணீர் நிரப்பும் குழாய் வாய்க்கும் ஓவர்ஃப்ளோ மட்டத்துக்கும் இடையே குழாய் விட்டத்தைப் போல் இரண்டு மடங்காவது காற்று இடைவெளி. 25 மி.மீ. குழாய்க்கு 50 மி.மீ.
- மழை பெய்யும்போது திடல் நீரை சம்புக்கு விடாமல் வெளியே திருப்பும் வால்வ்.

ஃபில்டர் பம்பை இரவில் நிறுத்தாதீர்கள். கன்சாஸில் விச்சிட்டா அருகே ஒரு வனவிலங்குப் பூங்காவின் திடலில் 2021 ஜூனில் ஒரு வார இடைவெளியில் ஷிகெல்லாவும் நோரோவைரஸும் பரவி 27 பேர் நோயுற்றார்கள். விசாரணையில் வெளிவந்தவை: இரவில் தண்ணீர் தொட்டியில் சும்மா கிடந்தது, குளோரினைத் தானே அளந்து சேர்க்கும் கன்ட்ரோலர் இல்லை, ஊழியர்கள் முறையான பயிற்சி பெற்றதற்குச் சான்றும் இல்லை. மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்க டைமர் போடுகிறவர்கள் இதை நினைவில் வைக்கட்டும்.

படி 3: யூவி (புற ஊதா விளக்கு), நாசில் லைனில்

கிரிப்டோ முட்டை 4 முதல் 6 மைக்ரான். சாதாரண மணல் ஃபில்டர் பிடிப்பது 20–25 மைக்ரானுக்கு மேல். குளோரின் 1 பிபிஎம் (லிட்டருக்கு 1 மில்லிகிராம்) இருக்கும் தண்ணீரில் அது 10 நாளுக்கு மேல் உயிரோடு கிடக்கும். பேதியாகும் குழந்தையின் ஒரே மலத்தில் கோடிக்கணக்கான முட்டைகள். நோய் வர 10 போதும். குளோரின் அளவு சரியாக இருந்தும் பிள்ளைகளுக்குப் பேதி கண்டது எப்படி என்று குழம்புகிறவர்களுக்கு விடை இதுதான்.

2005-ல் நியூயார்க் மாநிலத்தின் செனகா ஏரிப் பூங்காத் திடலில் கிரிப்டோ பரவி ஆயிரக்கணக்கானோர் நோயுற்றார்கள். அதன்பின் அந்த மாநிலம் மறுசுழற்சித் திடல்களுக்கு யூவி கட்டாயம் என்று விதி கொண்டுவந்தது. கிரிப்டோவில் 99.9 சதவீதத்தைச் செயலிழக்க வைக்க அமெரிக்கக் குடிநீர் விதியின் கணக்குப்படி தேவையானது சதுர செ.மீ.க்கு 12 மில்லிஜூல் புற ஊதா ஒளி. குளோரினை அசட்டை செய்யும் கிருமி புற ஊதா ஒளியில் சுலபமாக அடங்கிவிடுகிறது.

யூவியை எங்கே பொருத்துவது? ஃபில்டர் சுற்றில் மட்டும் வைத்தால் மேலே சொன்ன மூன்றரை மணிக் கணக்கு அப்படியே பொருந்தும். நாசிலுக்குப் போகும் லைனில் வைத்தால் ஒவ்வொரு துளியும் விளக்கைக் கடந்துதான் குழந்தையைத் தொடும். செலவு கூடும், ஏனென்றால் 400 லிட்டர் ஓட்டத்தைத் தாங்கும் பெரிய கருவி வேண்டும். இந்தச் செலவைக் குறைக்காதீர்கள். பணம் போதவில்லை என்றால் நாசில்களைக் குறையுங்கள்.

வாங்கும்போது: டோஸ் மூன்றாம் தரப்பால் சோதித்து உறுதி செய்யப்பட்டதா? ஒளியின் தீவிரத்தைக் காட்டும் சென்சார் உண்டா? தீவிரம் குறைந்தால் நாசில் பம்பை உடனே நிறுத்தும் இன்டர்லாக் உண்டா? மூன்றாவது இல்லையென்றால் வேண்டாம். விளக்கு ஃபியூஸ் போனதை ஆள் பார்த்துச் சொல்வதற்குள் மாலையாகிவிடும். உப்புத் தண்ணீர் ஊர்களில் குவார்ட்ஸ் உறைமேல் சுண்ணாம்பு படிந்து ஒளி மங்கும்; உறையைத் துடைக்கும் வைப்பர் உள்ள மாடலாகப் பாருங்கள். யூவிக்கு எச்ச சக்தி கிடையாது, கடந்து போன தண்ணீரை மட்டுமே அது கவனிக்கும். குளோரினும் கூடவே வேண்டும்.

படி 4: தரை, வடிகால், நாசில், மின்சாரம்

தரைச் சரிவு குறைந்தது 2 சதவீதம், மீட்டருக்கு 2 செ.மீ. நாசில்களை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து நடந்து பாருங்கள்; குட்டை நின்றால் ஒப்பந்ததாரருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். திடலுக்கு வெளியே உள்ள தளம் எதிர்த் திசையில் சரிய வேண்டும். இல்லையேல் புல்தரை மண்ணும் பறவை எச்சமும் ஒவ்வொரு மழைக்கும் சம்புக்குள் இறங்கும்.

ஈரத்தில் வழுக்காத மேற்பரப்பு வேண்டும். டைல் என்றால் ஈரநிலை உராய்வெண் 0.42-க்குக் குறையாததைக் கேளுங்கள். மிகச் சொரசொரப்பும் ஆகாது, விழும் பிள்ளையின் முழங்கால் தோல் உரியும். கறுப்பு ரப்பர் தளம் உச்சி வெயிலில் பிஞ்சுப் பாதத்தைச் சுட்டுவிடும். வெளிர் நிறமே நல்லது.

திடலின் வடிகால் சம்புக்குத் தானாக வழிய வேண்டும். பம்பின் உறிஞ்சு குழாயை எந்தக் காலத்திலும் திடல் வடிகாலோடு நேராக இணைக்கக் கூடாது. தலைமுடியோ உடலோ இழுபடும் விபத்துகள் அப்படித்தான் நேர்கின்றன. விளையாட்டுக் கருவிகளுக்கான ஐரோப்பியத் தரம் 8 முதல் 25 மி.மீ. வரையுள்ள துவாரத்தை விரல் சிக்கும் அளவாகக் கருதுகிறது; வடிகால் கம்பி இடைவெளியையும் நாசில் துவாரத்தையும் 8 மி.மீ.க்குள் வைத்தால் கவலையில்லை. நாசில் தலை தரைக்குச் சமமாக இருக்கட்டும், துருத்தினால் கால் இடறும். பீய்ச்சலின் வேகத்தை உங்கள் உள்ளங்கையில் வாங்கிப் பாருங்கள். கை வலித்தால் கண்ணுக்கு ஆபத்து.

தரை விளக்குகள் 12 வோல்ட். பம்ப் லைனுக்கு, மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி, கம்பி, கைப்பிடி, உலோகக் கம்பம் அனைத்தையும் இணைக்கும் எர்த்திங். மாதம் ஒருமுறை ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அது மின்சாரத்தைத் துண்டிக்கவில்லை என்றால் அன்று திடல் திறக்கக் கூடாது.

படி 5: குளோரின், பிஎச்

ஃப்ரீ குளோரின், அதாவது கிருமி கொல்ல மிச்சமிருக்கும் குளோரின், குறைந்தது 1 பிபிஎம்; வெயிலில் குளோரின் போகாமல் காக்கும் சயனூரிக் அமிலம் சேர்த்த தண்ணீரில் 2. ஸ்பிளாஷ் பேடில் அரை மணியில் அளவு கவிழ்ந்துவிடும் என்பதால் 2-க்கும் 4-க்கும் இடையே ஓட்டுவது எங்கள் பரிந்துரை. 10-ஐத் தாண்டினால் மூடுங்கள். பிஎச் 7.0–7.8 அனுமதி, 7.2–7.5-ல் பிடித்து நிறுத்துங்கள். பிஎச் 7.5-ல் குளோரினில் ஏறக்குறைய பாதிதான் வீரியமுள்ள வடிவில் இருக்கும், 8.0-ல் கால்வாசிக்கும் கீழே போய்விடும். இரண்டிலும் மீட்டரில் அதே 2 பிபிஎம்தான் தெரியும்.

கணக்கு எளிது. 1 பிபிஎம் என்பது லிட்டருக்கு 1 மில்லிகிராம். 10,000 லிட்டரில் 2 பிபிஎம் ஏற்ற 20 கிராம் குளோரின் வேண்டும். 10 சதவீத ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) கரைசலில் 200 மி.லி. கேனின் மேல் 10 என்று எழுதியிருந்தாலும் வெயிலில் கிடந்த ஹைப்போ சில வாரங்களில் சக்தி இழக்கும். ஊற்றியபின் மறுபடி அளந்தால்தான் கணக்கு முடிந்தது.

ட்ரைகுளோர் மாத்திரை வேண்டாம். அது 10 பிபிஎம் குளோரின் கொடுக்கும்போது கூடவே 6 பிபிஎம் சயனூரிக் அமிலத்தையும் விட்டுச்செல்லும். அந்த அமிலம் ஆவியாகாது, சேர்ந்துகொண்டே போகும், கிருமி கொல்லும் வேகத்தையும் குறைக்கும். படி 7 வரும்போது கைகட்டி நிற்க வேண்டியிருக்கும்.

ஒரு முக்கியமான இணைப்பு: ஹைப்போ பம்பும் அமிலப் பம்பும் ஃபில்டர் சுற்றின் நீரோட்டம் நின்றால் தாமாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இரண்டும் அசையாத குழாய்க்குள் ஒன்றாகச் சேர்ந்து குளோரின் வாயு உண்டாகும். பம்ப் மறுபடி ஓடும்போது அந்த வாயு குழந்தைகள் நிற்கும் இடத்தில் வந்து வெளியேறும். வயரிங்கை நம்பாதீர்கள்; திடல் காலியாக இருக்கும்போது வால்வை மூடி நீரோட்டத்தை நிறுத்தி, டோசிங் பம்புகள் நிற்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். இரண்டு கேன்களையும் ஒரே தட்டில் வைக்கவும் கூடாது.

படி 6: அன்றாட வேலை

திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன் ஆரம்பியுங்கள். திடலைக் கூட்டி, கண்ணாடித் துண்டு, பறவை எச்சம், தளர்ந்த வடிகால் மூடி பாருங்கள். சல்லடையைக் காலி செய்யுங்கள். பிள்ளைகள் இல்லாமல் எல்லா நாசிலையும் ஓடவிட்டுக் குழாயில் இரவு தங்கிய நீரை வெளியேற்றுங்கள். பிறகு ஃப்ரீ குளோரின், அழுக்கோடு சேர்ந்துவிட்ட கம்பைன்டு குளோரின், பிஎச் மூன்றையும் அளந்து நேரத்தோடு எழுதுங்கள். கம்பைன்டு 0.4 பிபிஎம் தாண்டினால் தண்ணீரில் அழுக்குச் சுமை ஏறிவிட்டது, பாதியை மாற்றுங்கள். யூவி அளவையும் ஃபில்டரின் இரு பக்க அழுத்தத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பகலில் கன்ட்ரோலர் இருந்தால் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, இல்லையென்றால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை சோதனை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றாலும் மிகையில்லை. மாதிரியை நாசில் நீரிலிருந்து எடுங்கள். டோசிங் முனைக்குப் பக்கத்தில் எடுத்தால் எப்போதும் நல்ல எண்தான் வரும்.

குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாக மாறும் டிபிடி மருந்துச் சோதனையில் ஒரு பொறி உண்டு. மருந்து போட்டதும் இளஞ்சிவப்பு ஒரு கணம் மின்னி உடனே வெளுத்துப் போனால் குளோரின் இல்லை என்று நினைத்து மேலும் ஊற்றுவார்கள். உண்மையில் குளோரின் மிக அதிகமாக இருப்பதால் சாயமே வெளுத்திருக்கும். 1 பங்கு மாதிரிக்கு 9 பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்து மறுபடி அளந்து 10-ஆல் பெருக்குங்கள்.

இடி கேட்டால் நிறுத்துங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத் திறக்கலாம்.

படி 7: திடலில் மலம் கண்டால்

இந்தப் படியை அச்சடித்து பம்ப் அறைக் கதவில் ஒட்டுங்கள். பதற்றத்தில் யாருக்கும் நினைவு வராது.

முதலில் எல்லோரையும் வெளியே அனுப்பி நாசில்களை நிறுத்துங்கள். அடுத்து ஊழியர் கை தானாகத் தேடுவது ஹோஸ் பைப்பை. கூடாது. பீய்ச்சினால் அத்தனையும் வடிகால் வழியே சம்புக்குள் போய்விடும். வடிகால் சாக்கடைக்குத் திரும்பும்படி வால்வை மாற்றுங்கள், கையுறை போட்டு, காகிதத் துண்டால் வழித்துப் பையில் கட்டுங்கள். அந்த இடத்தில் 10 சதவீத ஹைப்போ 1 பங்குக்கு 19 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி 20 நிமிடம் ஊறவிட்டு, சாக்கடைக்கே கழுவிவிடுங்கள்.

கெட்டியான மலம் என்றால்: சம்பில் ஃப்ரீ குளோரின் 2 பிபிஎம், பிஎச் 7.5 அல்லது கீழே, ஃபில்டர் ஓட 25 நிமிடம். பிறகு திறக்கலாம்.

பேதி என்றால் கிரிப்டோ என்றே எடுத்துக்கொண்டு நடவடிக்கை எடுங்கள். சம்பை 20 பிபிஎம்முக்கு ஏற்றி, பிஎச்சை 7.5-க்கு மேல் போகவிடாமல், 12 மணி 45 நிமிடம் வைத்திருக்க வேண்டும். 10 பிபிஎம் என்றால் இருபத்தைந்தரை மணி. 10,000 லிட்டருக்கு 20 பிபிஎம் என்பது 200 கிராம் குளோரின்: 10 சதவீத ஹைப்போ 2 லிட்டர், அல்லது 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் 308 கிராம். ஹைப்போ பிஎச்சைத் தூக்கும். அமிலத்தைத் தனியாக, நேரம் விட்டு, வேறு முனையில் சேருங்கள். ஃபில்டர் பம்ப் ஓடியபடியே இருக்கட்டும், ஒரு மணிக்கு ஒருமுறை அளந்து குறைந்ததை நிரப்புங்கள். நேரம் எண்ணத் தொடங்குவது 20-ஐத் தொட்ட பிறகுதான்.

தண்ணீரில் சயனூரிக் அமிலம் 15 பிபிஎம் வரை இருந்தால் 20 பிபிஎம்மில் 28 மணி நேரம். 15-க்கு மேல் என்றால் முதலில் தண்ணீரை மாற்றி அதைக் குறைக்க வேண்டும். முடிந்ததும் ஃபில்டரை பேக்வாஷ் செய்து (நீரை எதிர்த் திசையில் விட்டுக் கழுவி) நீரைச் சாக்கடைக்கு விடுங்கள். சம்புக்குத் திருப்பினால் பிடித்த கிருமியை நாமே திருப்பிக் கொடுத்ததாகும். குளோரினை 10-க்குக் கீழே இறக்கிய பிறகே திறப்பு.

சம்பைக் காலி செய்து புதுத் தண்ணீர் விட்டால் போதாதா என்று கேட்பார்கள். சின்ன சம்பில் அது நல்ல தொடக்கம். ஆனால் ஃபில்டர் மணலிலும் குழாயிலும் தங்கியது அங்கேயே இருக்கும். காலி செய்து, தேய்த்து, நிரப்பி, அதன்பின் மேலே சொன்ன 20 பிபிஎம் கணக்கையும் முடியுங்கள்.

படி 8: வருகிறவர்களுக்கு

பலகையில் பத்து விதி எழுதினால் யாரும் படிப்பதில்லை. நான்கு போதும்: பேதி இருந்தால் வராதீர்கள், தண்ணீரைக் குடிக்காதீர்கள், நாசில் மேல் உட்காராதீர்கள், நாய்க்கு அனுமதியில்லை. கிரிப்டோ என்று மருத்துவர் சொன்ன குழந்தை பேதி நின்று இரண்டு வாரம் கழித்தே வரலாம் என்பதை ஊழியர்கள் அறிந்திருக்க வேண்டும். பேதி நின்ற பிறகும் முட்டைகள் வெளியேறும்.

பலகையைவிட வேலை செய்வது வசதிகள். திடலுக்குப் பக்கத்தில் கழிப்பறையும் டயப்பர் மாற்றும் மேடையும் கை கழுவும் தொட்டியும் இருந்தால் தாய்மார்கள் பெஞ்சில் வைத்து மாற்ற மாட்டார்கள். நுழைவில் ஒரு ஷவர். ஒரு நிமிடம் நனைந்தாலே உடம்பு அழுக்கில் பெரும்பகுதி போய்விடும். நீச்சல் டயப்பர் கெட்டியானதைப் பிடிக்கும், பேதியைப் பிடிக்காது. ஒரு மணிக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

படி 9: மூடிவைக்கும்போதும் திரும்பத் திறக்கும்போதும்

சில நாள் மூடினாலே கவனம் வேண்டும். 25 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை, நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகும். வெயில் ஊரில் குழாய்த் தண்ணீர் சும்மா இருந்தாலே அந்தச் சூட்டுக்கு வந்துவிடும். மெல்லிய தூவல் தரும் நாசில்கள் அதைச் சுவாசத்துக்குள் அனுப்பும். குறுகிய இடைவெளி என்றால் ஃபில்டரும் குளோரினும் ஓடட்டும். வாரம் ஒருமுறையாவது, பக்கத்தில் ஆள் இல்லாதபோது, எல்லா நாசிலையும் ஓடவிடுங்கள். பருவம் முடிந்து மூடுவதானால் சம்ப், குழாய், ஃபில்டர் அனைத்தையும் காலி செய்து உலர விடுங்கள்.

மறுபடி திறக்கும்போது சம்பைத் தேய்த்துக் கழுவி, நிரப்பி, 20 பிபிஎம் தண்ணீரை எல்லா நாசில் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்துங்கள். மூலையில் உள்ள கடைசி நாசிலில் மாதிரி எடுத்து அங்கும் 20 வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் நடுவே எங்கோ ஒரு வால்வ் மூடிக் கிடக்கிறது, அல்லது தண்ணீர் ஓடாத குழாய்த் துண்டு ஒன்று இருக்கிறது. அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, குளோரினை இறக்கி, பதிவேட்டில் புதுப் பக்கம் திருப்பி முதல் அளவை எழுதுங்கள்.